பெட்டிக்குப் பின்னால் ராஜதாஸ்

பாறசாலையிலிருந்து காரக்கோணம் போகிற வழியில் உள்ள அந்தச் சின்ன ஊரில் ராஜதாஸைத் தெரியாதவர்கள் கிடையாது. அவர் ஒன்றும் பெரிய புள்ளி இல்லை. ஒரு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற ஆசான். ஊரில் பாதிப் பேர் அவரிடம் ஏச்சு வாங்கித்தான் லைசென்ஸ் எடுத்தார்கள். இடப்பக்க சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து, தன் காலடியில் தனியாகப் பொருத்திய பிரேக்கை விட்டுக் காலை எடுக்காமல், "கிளச்ச மிதிடே, கிளச்ச" என்று கத்துவார். டெஸ்டுக்கு எச் போடும்போது, அதாவது இங்கிலீஷ் எச் எழுத்து வடிவில் ஓட்டிக் காட்டும்போது, நட்டு வைத்த கம்பியில் உரசாமல் வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டும். அதை அவரைப் போல் சொல்லிக்கொடுக்க நெய்யாற்றின்கரை தாலுகாவிலேயே ஆள் இல்லை என்பார்கள். பின்னால் எடுப்பதில் மனிதர் கெட்டிக்காரர்தான். முன்னால் போகிற விஷயத்தைப் பற்றி அவருடைய மனைவி ஷீனாவிடம் கேட்க வேண்டும்.

ஷீனா காரக்கோணத்தில் ஆஸ்பத்திரி நர்ஸ். எத்தனையோ பேரைக் குணமாக்கி வீட்டுக்கு அனுப்பியவள். அவள் கைக்கு அடங்காத கேஸ் ஒன்று உண்டு என்றால் அது அவள் வீட்டிலேயே இருந்தது. நோயின் பெயர் பீத்தல்.

சம்பாத்தியத்தைப் பற்றியோ குடும்பத்தைப் பற்றியோ பீத்தினால்கூட ஊரில் நாலு பேர் செய்கிறதுதானே என்று விட்டிருப்பாள். ராஜதாஸ் பீத்தியது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றி. கல்யாணத்துக்கு முன்னால், மீசை அடர்ந்துகொண்டிருந்த வயதில், ஜங்ஷனில் சஜி நடத்திய இன்டர்நெட் கஃபேயில் 'பங்கர்' என்று ஒரு துப்பாக்கி விளையாட்டு இருந்தது. திரையில் நம்முடைய கையும் துப்பாக்கியும் மட்டும் தெரியும். ஆள் தெரியாது, நாமேதான் ஆள். ஒரு துறைமுகக் கிடங்கு, அது நிறைய மரப்பெட்டிகள், எங்கேயோ ஒரு எதிராளி. அவனைச் சுட வேண்டும், அவனிடம் சுடுபடாமல் இருக்க வேண்டும். அதில் ராஜதாஸை ஒருத்தனும் ஒருமுறைகூடக் கொன்றதில்லை. அவர் வாழ்நாளில் செய்த சாதனை என்று சொன்னால் அதுதான்.

கல்யாணமான புதிதில் ஷீனா இதைச் சிரித்துக்கொண்டே கேட்டாள். மகன் எபின் பிறந்தபோது பிரசவ வார்டுக்கு வெளியே நின்றுகொண்டும் இதையே யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார் என்று அறிந்தபோது சிரிப்பு நின்றது. எபின் வளர்ந்து பெங்களூருக்குப் படிக்கவும் போய்விட்டான். கதை மட்டும் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. கேட்டுக் கேட்டு, அந்தக் கிடங்கில் எந்த மூலையில் எந்தப் பெட்டி இருக்கிறது என்பது அவளுக்கு மனப்பாடம். வடக்கு மூலையில் தார்ப்பாய் போட்ட பெட்டிதான் ராஜதாஸின் இடம்.

கார் படிக்க வந்தவர்களுக்கும் தப்பிக்க வழியில்லை. ரெட் சிக்னலில் வண்டி நின்றால் போதும், ஆரம்பித்துவிடுவார். "இப்பத்த கேமெல்லாம் என்னத்த கேமு? துப்பாக்கிக்கு ரோஸ் கலர் பெயின்டு. சுடப் போறவன் தலையில முயல் காது. செத்துக் கிடக்கும்போ டான்சு. பாதி நேரம் துணிக்கட, மிச்ச நேரம் விளம்பரம். பழைய கேமில ஒரு துப்பாக்கி, ஒரு மனுஷன், ஒரு பெட்டி. பொறுமை வேணும். பொறுமைதான் ஆக்கும் அதுல முக்கியம்." பின்னால் ஹாரன் அடிப்பார்கள். படிக்க வந்தவன் பதறிப்போய் வண்டியை ஆஃப் பண்ணுவான். உடனே, "கண்டியா, பொறுமை இல்ல" என்று அதையும் தன் கட்சிக்குச் சாட்சியாக்கிக்கொள்வார்.

பொறுமை என்று அவர் சொல்கிற சாமான் என்ன என்பது ஷீனாவுக்குத் தெரியும். அதற்கு வீட்டில் வேறு பெயர் உண்டு. "பாப்போம்."

அண்ணன் விஜயதாஸ் கல்ஃபிலிருந்து விசா அனுப்பினார். ராஜதாஸ் "பாப்போம்" என்றார். விசா காலாவதியானது. டிரைவிங் ஸ்கூல் முதலாளிக்கு முட்டு வலி வந்து, "ராஜதாஸே, நீயே எடுத்து நடத்து, உனக்குத்தான் தாறேன்" என்று வீடு தேடி வந்து சொன்னார். அதற்கும் பாப்போம். பார்த்துக்கொண்டே இருந்தபோது, அவரிடமே எச் போடப் படித்த பயல் ஒருத்தன் வந்து ஸ்கூலை எடுத்துக்கொண்டான். இப்போது அவன் முதலாளி, இவர் அதே இடப்பக்க சீட்டு. அதில் அவருக்கு வருத்தம்கூட இல்லை. "அவனுக்கு இப்போ எத்தற தலவேதன தெரியுமா?" என்று ஜெயித்த மாதிரி வீட்டில் வந்து சொல்வார். ஷீனா சட்டியைக் கழுவுகிற சத்தத்தில் அது பாதிதான் கேட்கும். வேண்டுமென்றே சத்தமாகக் கழுவுவாள்.

இந்த வருஷம் வந்தது ஷீனாவுக்கான வாய்ப்பு. இங்கிலீஷ் பரீட்சை எழுதித் தோற்று, மறுபடி எழுதி ஜெயித்து, வீடியோவில் இன்டர்வியூ கொடுத்து, அயர்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. புருஷனும் கூட வரலாம், அங்கே வேலையும் செய்யலாம். வருகிறோமா இல்லையா என்று ஓணம் முடிந்த திங்கட்கிழமைக்குள் அவர்களுக்குப் பதில் போட வேண்டும். அவளுடைய வயதில் இப்படி ஒன்று இனி வராது. அது அவளுக்கும் தெரியும், ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்க்கிறவர்களுக்கும் தெரியும். தினமும் ஒருத்தி, "ராஜதாஸ் சேட்டன் என்ன சொன்னாரு?" என்று கேட்பாள்.

ராஜதாஸ் என்ன சொல்வார்? பாப்போம் என்றார்.

ஷீனாவுக்குத் தனியாகப் போகத் தைரியம் இல்லாமல் இல்லை. ஆனால் இருபது வருஷம் சேர்ந்து இருந்துவிட்டு, ஒரு மனுஷனை அடுப்படியில் தனியாக விட்டுப் போவதற்கு மனசு வரவில்லை. அவர் வாயால் ஒரு வார்த்தை வரட்டும் என்று காத்திருந்தாள். அந்த மனசை நினைத்துத் தன் மேலேயே அவளுக்கு எரிச்சலாக வந்தது.

ஓணத்துக்கு ரெண்டு வாரம் முன்னால் ஊர் ஆர்ட்ஸ் அண்ட் ஸ்போர்ட்ஸ் கிளப்பில் கூட்டம். கோயிலுக்குப் போகிறவர்களும் சர்ச்சுக்குப் போகிறவர்களும் ஒன்றாகக் கூடுகிற இடம் அது. வருஷா வருஷம் அதே உறியடி, கயிறு இழுக்கிற அதே வடம்வலி, கண்ணைக் கட்டிக்கொண்டு படத்துப் பெண்ணுக்குப் பொட்டு வைக்கிற அதே போட்டி. புதிதாக ஏதாவது வேண்டும் என்று பேச்சு வந்தது. பக்கத்து வீட்டு அம்மிணியின் மகள் ஆர்யா, கல்லூரியில் படிக்கிறவள், கேம் போட்டி வைக்கலாம் என்றாள். அவள் திருவனந்தபுரம் வரை போய் கேம் போட்டியில் பரிசு வாங்கிய பிள்ளை.

கேம் என்ற சொல் காதில் விழுந்ததும் ராஜதாஸ் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். ஓணப் பூக்கோலம் போடுகிற பூக்களக் கமிட்டியில் இருந்த ஷீனா, அந்தப் பக்கம் பெஞ்சில் பூவுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவள், கண்ணை மூடிக்கொண்டாள்.

"கேமா? எது, முயல் காதா?" என்றார் ராஜதாஸ்.

"மாமா, நீங்க சொல்லுத பழைய கேம் எல்லாம் இப்போ ஆரு விளையாடுவா?" என்றாள் ஆர்யா. "நானும் பாத்துட்டுண்டு. ஆளுக்க முகம் செங்கல்லுல கொத்தி வச்சது போல இருக்கும். சுவரும் தவிட்டு நிறம், தரையும் தவிட்டு நிறம். எதிராளி சுவரில முட்டிட்டு அங்கயே நிப்பான். பத்து நிமிஷம் பாத்தா எனக்குத் தல சுத்தும்."

"தல சுத்தும். ஏன்னா அதுல தல வேணும். இப்பத்த கேமில பத்து வட்டம் செத்தாலும் கூசாம எழும்பி ஓடுதிய. எங்க காலத்துல செத்தா செத்ததாக்கும். ஒரு உயிரு. அந்த மரியாத உண்டு அதுக்கு."

சஜி அங்கே இருந்தான். கஃபே எல்லாம் எப்போதோ மூடி, இப்போது மொபைல் கடை வைத்திருந்தான். பழைய கம்ப்யூட்டர்களில் ரெண்டு தன் வீட்டு மச்சில் கிடப்பதாகவும், தூசு தட்டினால் ஓடும் என்றும் சொன்னான். அவ்வளவுதான், கூட்டம் தீப்பிடித்துக்கொண்டது. நாற்பது வயது கடந்த ஆண்பிள்ளைகள் எல்லாருக்கும் திடீரென்று மீசை அடர்ந்தது. பழசா புதுசா என்று ஆளுக்கு ஆள் கத்தினார்கள். இவர்களில் யாரும் அந்த விளையாட்டை இருபது வருஷமாகத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை என்று ஷீனா நினைத்தாள். தொடாத சாமானைத்தான் இப்படித் தலையில் வைத்து ஆட முடியும்.

ஆர்யா மட்டும் நிதானமாகச் சொன்னாள். "சரி மாமா. அதே கேமு. நீங்களும் நானும்."

ராஜதாஸ் எழுந்து நின்றார். அவர் எழுந்து நிற்பதே அபூர்வம். சபை பார்த்துக்கொண்டிருக்கிறது, வாய் சும்மா இருக்குமா? "இந்த நாள் வரைக்கும் என்னைய அதுல ஒருத்தனும் கொன்னதில்ல. நீ கொன்னுட்டா, பின்னே இந்த ராஜதாஸ் மறு பேச்சு பேச மாட்டான். ஷீனாக்க கூட அயர்லாந்துக்குப் பெட்டி கெட்டுவான். இது சத்தியம் ஆக்கும்!"

ஆண்பிள்ளைகள் கை தட்டினார்கள். ஷீனா கையில் இருந்த பேனாவைக் கீழே வைத்தாள். அவளுடைய படிப்பு, பரீட்சை, ராத்திரி டியூட்டி எல்லாம் சேர்ந்து கடைசியில் ஒரு தார்ப்பாய் போட்ட பெட்டியில் போய் நிற்கிறது. அவமானமாக இருந்தது. அதோடு, வெட்கத்தை விட்டுச் சொன்னால், ஆசையாகவும் இருந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது ஆர்யாவை வேலிப்பக்கம் நிறுத்தி, "பிள்ளே, நீ ஜெயிச்சுடுவியாடீ?" என்று கேட்டாள்.

"மாமி, அவரு அவ்வளவு பெரிய ஆளா?"

"ஆருக்குத் தெரியும்? நான் கதை கேட்டதுதான். பெட்டிக்குப் பின்னால இருப்பாரு. அசைய மாட்டாரு. எதிராளி பொறுக்க முடியாம ஓடி வருவான். இவரு சுடுவாரு. இதுதான் கதை. இருபது வருஷமா இதே கதை."

ஆர்யா சிரித்தாள். "அப்போ அவரு ஒரு இடத்திலயே இருந்தாரா? கிடங்குல மத்த இடம் ஒண்ணும் பாத்ததில்லியா?"

ஷீனா இதுவரை அப்படி யோசித்துப் பார்த்ததில்லை.

திருவோணத்துக்கு மறுநாள் கிளப்பின் வாசகசாலையில் பத்திரிகை மேசைகளை ஒதுக்கிவிட்டு, சஜி அந்த ரெண்டு கம்ப்யூட்டரையும் எதிரெதிராக வைத்தான். அந்தக் காலத்துப் பெட்டி மானிட்டர்கள், ஆளுக்கொரு பன்றிக்குட்டி மாதிரி பின்னால் பெருத்துக் கிடந்தன. வெளியே வடம்வலி முடிந்து சேறு அப்பிய கால்களோடு ஆட்கள் உள்ளே வந்து நெருக்கினார்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு சஜி பாதி மலையாளமும் பாதி தமிழுமாக முழங்கினான். "அடுத்ததாயிட்டு, நம்ம நாட்டுக்க சொந்தம் ராஜதாஸ் ஆசான்! மரணம் இல்லாத மனுஷன்!" ராஜதாஸ் சலவை மடிப்புக் கலையாத வேட்டியில் வந்து உட்கார்ந்தார். பொண்ணு பார்க்க வந்த அன்றுகூட அவர் இவ்வளவு அழகாக உடுத்தி வரவில்லை.

சுவரில் ஒரு பழைய அட்டை தொங்கியது. சஜி அதையும் மச்சிலிருந்து எடுத்து வந்திருந்தான். கஃபே சட்டம் அதில் பெரிய எழுத்தில் இருந்தது: செத்தவன் எழும்பணும். ஷீனாவுக்கு அந்த அட்டை புதிது. பக்கத்தில் நின்ற சஜியிடம் என்ன அது என்று கேட்டாள்.

"அன்னிக்குக் கம்ப்யூட்டர் குறைவு, ஆள் கூட்டம் அக்கா. எல்லாரும் கசேரைக்குப் பின்னால நின்னுட்டு, எழும்பு எழும்புன்னு கெடந்து விளிப்பானுவ. அதுக்கு நான் வச்ச சட்டம். செத்தவன் எழும்பி அடுத்தவனுக்குக் கசேரை குடுக்கணும். ஜெயிச்சவன் இருக்கலாம். நான் கவுண்டர்ல இருந்து கேமை ஆதியிலிருந்து மாத்தி ஓட விடுவேன்."

"அப்போ எதிராளி எல்லாம் அவசரப்பட்டு ஓடி வந்தது?"

"பின்னே? பின்னால நிக்கவன் தலையில கொட்டிட்டே இருப்பான், சீக்கிரம் முடிடேன்னு. வந்தவன் பொறுப்பானா? இவரு மட்டும் அசைய மாட்டாரு. காலையில இருந்தா சாயங்காலம் வரை அதே கசேரை. நல்ல கசேரையாக்கும் அது, ஃபேனுக்கு நேர கீழ."

ஷீனாவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே எரிச்சலும் வந்தது. இருபது வருஷமாகத் தான் கேட்ட வீரகதை ஒரு நாற்காலியின் கதை, ஒரு ஃபேன் காற்றின் கதை என்று அப்போதுதான் தெரிந்தது.

ஆட்டத்தை ஆர்யாவின் தோழி ஒருத்தி இப்போதைய வழக்கப்படி ஓட விட்டாள். குறிப்பிட்ட நேரம் ஓடும், யார் அதிகம் சுடுகிறார்களோ அவர்கள்தான் ஜெயித்தவர்கள். ராஜதாஸ் இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. திரையில் கிடங்கு தெரிந்ததும் அவர் முகமே மாறிவிட்டது. வடக்கு மூலை, தார்ப்பாய் பெட்டி. போய்ப் பின்னால் குந்திக்கொண்டார். துப்பாக்கி முனையை வழியைப் பார்த்து வைத்தார். மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை.

ஆர்யா வரவில்லை.

ஆட்கள் காத்திருந்தார்கள். "வாடே, வா" என்று ராஜதாஸ் முணுமுணுத்தார். வழி காலியாகவே கிடந்தது. ஆர்யாவின் திரையைப் பார்த்தவர்களுக்குத்தான் விஷயம் தெரிந்தது. அவள் கிடங்குக்கு வெளியே ஒரு இரும்பு ஏணியில் ஏறி, கூரையோரம் நடந்து, மேல்தட்டில் ராஜதாஸின் தலைக்கு நேர் மேலே வந்து நின்றாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்று பார்த்தாள். பெட்டிக்குப் பின்னால் ஒரு மனிதன், கல்லு மாதிரி. பிறகு சுட்டாள்.

ராஜதாஸின் திரை சிவந்தது. வாசகசாலை அதிர்ந்தது. சஜி மைக்கில், "மரிச்சு! ஆசான் மரிச்சு போச்சு!" என்று கூவினான்.

ஷீனா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அயர்லாந்து வந்துவிட்டது என்று நினைத்தாள். புருஷன் தோற்றதில் இத்தனை சந்தோஷப்பட்ட பெண் அந்தப் பஞ்சாயத்தில் அன்று வேறு யாரும் இருந்திருக்க மாட்டாள்.

அப்போது ராஜதாஸ் எழுந்தார். நாற்காலியைப் பின்னால் தள்ளி, மேசையிலிருந்து கையை எடுத்து, எழுந்து, ஓரமாக ஒதுங்கி நின்றார். அடுத்தவன் உட்காரட்டும் என்று திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் வரிசையில் இல்லை. எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மாமா, எங்க போறீங்க? இருங்க" என்றாள் ஆர்யா.

"செத்துட்டேனே மக்கா."

"செத்தா என்னா? திரும்ப வரும். பாருங்க."

திரையில் அவருடைய கையும் துப்பாக்கியும் திரும்ப வந்திருந்தன. உயிர் முழுசாக இருந்தது. தோட்டாவும் குறையவில்லை. கிடங்கின் இன்னொரு பக்கத்தில், அவர் இதுவரை பார்த்தே இராத ஒரு வாசலில், நல்ல வெயிலில் நின்றது அந்த ஆள்.

"இது... இப்பிடித்தானா?" என்றார் ராஜதாஸ். குரல் கீழே போயிருந்தது. "இப்போ மாத்துனதா?"

"மாத்தல்ல மாமா. இந்த கேமு இறங்குன நாளிலேருந்து இப்பிடித்தான். செத்தா திரும்ப வரும். எத்தற வட்டம் வேணும்னாலும்."

ராஜதாஸ் சுவரில் தொங்கிய அட்டையைப் பார்த்தார். பிறகு சஜியைப் பார்த்தார். சஜி மைக்கைக் கீழே இறக்கிக்கொண்டு, "அது கடைக்க சட்டமில்லியா ஆசானே, கேமுக்க சட்டமில்லியே" என்றான்.

கூட்டம் சிரித்த சிரிப்பில் ஜன்னலில் இருந்த பூனை ஓடியது. பழைய கேம்தான் கேம் என்று கத்தியவர்கள்தான் எல்லாரையும்விட அதிகம் சிரித்தார்கள். அவர்களில் பாதிப் பேர் அதே கடையில் அதே நாற்காலிக்குப் பின்னால் நின்றவர்கள், அவர்களுக்கும் அன்றைக்குத்தான் இது தெரியும். ஆனால் மாட்டிக்கொண்டவர் ஒருத்தர் இருக்கும்போது மற்றவர்கள் எல்லாரும் விவரக்காரர்கள்.

ராஜதாஸ் கோபித்துக்கொண்டு வெளியே போவார் என்று ஷீனா நினைத்தாள். அவர் போகவில்லை. மறுபடி உட்கார்ந்தார். வேட்டியை முட்டுக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு ஓடினார்.

வாசலைத் தாண்டி வெயிலில் ஓடினார். ஆர்யா சுட்டாள். செத்தார். உயிர் திரும்ப வந்தது. மறுபடி ஓடினார். "எலே, இங்க ஒரு பாலம் உண்டு!" என்றார். அதில் பாதி தூரம் போவதற்குள் செத்தார். "அங்க கடலு கிடக்குது பாத்தியா!" அங்கேயும் செத்தார். ஏணியில் ஏறி விழுந்து, யாரும் சுடாமலே ஒருமுறை செத்தார். ஒருமுறை ஆர்யாவையும் சுட்டுவிட்டார். அப்போது அவர் போட்ட சத்தம் மைக் இல்லாமலே ஜங்ஷன் வரை கேட்டிருக்கும். அந்த வயதில், அந்த வயிற்றோடு, உட்கார்ந்த இடத்தில் துள்ளினார். நேரம் முடிந்தபோது அவர் எத்தனை தடவை செத்தார் என்பது யாருக்கும் நினைவில்லை. அவருக்கே இல்லை.

ஆர்யா வந்து கை கொடுத்தாள். "கேமு கொள்ளாம் மாமா. முகம்தான் செங்கல்லு. ஓடினா நல்லாத்தான் இருக்கு."

"நான் சொன்னேன்லா!" என்றார் ராஜதாஸ், ஏதோ தானே ஜெயித்த மாதிரி. வெட்கம் என்ற சாமான் அந்த மனுஷனுக்கு அறவே கிடையாது.

ஷீனா சிரிக்கவில்லை. முதலில் வந்த சந்தோஷம் அவர் துள்ளத் துள்ள எங்கேயோ போய்விட்டது. இந்தச் சிரிப்பு இந்த மனுஷனிடம் இருந்திருக்கிறது. இத்தனை வருஷமும் இருந்திருக்கிறது. விசா வந்தபோது, ஸ்கூல் வந்தபோது, அவள் பரீட்சை ஜெயித்து வந்து வாசலில் நின்றபோது, ஒரு நாளும் இதை வெளியே எடுக்கவில்லை. செங்கல் முகத்துக்காரன் ஒருத்தன் திரும்ப எழுந்ததைப் பார்த்துத்தான் எடுத்தார். அவளுக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது.

பாயசம் குடித்து முடித்து, வெயில் சாய்ந்த நேரம் ஸ்கூட்டரில் திரும்பினார்கள். ராஜதாஸ் வழி முழுக்கப் பேசினார். "எடியே, அந்தப் பாலத்துக்கு அடியில ஒரு வழி உண்டு பாத்தியா? நாளைக்கு சஜிக்கிட்ட கேட்டு அந்தக் கம்ப்யூட்டரை வீட்டுக்குக் கொண்டு வரணும். இப்பத்தான் எனக்கு விளையாடவே தெரிஞ்சிருக்கு. இனி ஒரு வருஷம் இருந்து படிச்சா, அடுத்த ஓணத்துக்கு அந்த ஆர்யாவ..."

"நீங்க சபையில ஒரு சத்தியம் செய்தீங்க" என்றாள் ஷீனா.

ராஜதாஸ் ஸ்கூட்டரின் வேகத்தைக் குறைத்தார்.

"அது உள்ளதுதான். ஆனா ஷீனா, அன்னிக்கு நான் சொன்னது அந்தப் பழைய சட்டப்படியாக்கும். இப்பம் சட்டமே வேறல்லியா? அந்தக் கணக்குல பாத்தா நான் செத்ததாவே வராது. நீ அவசரப்படாத. பாப்போம்."

கால்வாய்ப் பாலத்தின் மேல் வந்தபோது ஷீனா, "வண்டிய நிறுத்துங்க" என்றாள். என்னமோ ஏதோ என்று அவர் நிறுத்தினார். அவள் பைக்குள்ளிருந்து போனை எடுத்தாள். பின் சீட்டில் இருந்தபடியே தட்டினாள். இவ்வளவு நாளும் மனசுக்குள் எழுதி எழுதிப் பார்த்த பதில் என்பதால் நேரம் அதிகம் எடுக்கவில்லை.

"ஆருக்கு?" என்று கேட்டார் ராஜதாஸ்.

"அயர்லாந்துக்கு. வாறேன்னு எழுதியாச்சு."

"நான் வாறதும் எழுதினியா?"

"இல்ல. அது உங்களுக்க காரியம். வாறதுன்னா பின்னாலயும் வரலாம்னு அவங்க முதல்லயே சொல்லிட்டுண்டு."

அவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். எச் போடும்போது பின்னால் கம்பியைப் பார்க்கிற அதே பார்வை. "அப்போ நீ தனியா? என்னைய இங்க விட்டுட்டா? நான் யோசிச்சுச் சொல்லுதேன்னுதானே சொன்னேன், ஒரேயடியா..."

"யோசிங்க. நல்லா இருந்து யோசிங்க. இத்தற காலமும் நீங்க எழும்புவீங்க எழும்புவீங்கன்னு அந்தக் கசேரைக்குப் பின்னால நின்னது நான் ஒருத்திதான் ஆக்கும். நீங்க எழும்பினாத்தான் எனக்கு இடம்னு நானும் நம்பிட்டேன், பாருங்க. என்னையும் சேத்துத்தான் குத்தம் சொல்லணும். இனி அங்க ஆளில்ல. ஃபேனுக்கு அடியில சௌகரியமா இருங்க."

ராஜதாஸ் இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு, கைப்பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். வண்டி எப்போதோ ஆஃப் ஆகிவிட்டிருந்தது. அவர் அதைக் கிளப்புவாரா என்று பார்க்க ஷீனா நிற்கவில்லை. இறங்கி, சேலையைத் தட்டிச் சரிசெய்துகொண்டு, பாலத்தைக் கடந்து நடந்தாள். வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம்தான்.